பத்மாசினிக்கு ஒரு வூபர்

முத்துக்குமாரு தன் வாழ்நாளில் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்துத் தெரிவுசெய்து எடுத்த சாமான் என்றால் மண்வெட்டியும் அலவாங்கும் கிணற்றுக் கயிறும்தான். அவற்றில் அவரை ஏமாற்ற ஒருவராலும் முடியாது. அலவாங்கைக் கல்லில் ஒரு போடு போட்டால் அது எழுப்புகிற சத்தத்திலேயே இரும்பின் குணத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் சுன்னாகம் சந்தைக்குப் பின்பக்க ஒழுங்கையில், அருளப்புவின் றேடியோக் கடை மேசையில் கிடந்த அந்தக் கறுத்தக் கடதாசிக் கூம்பை எப்படித் தட்டிப் பார்ப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. விரலால் மெல்ல அழுத்தினார். தவளையின் தொண்டை மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது.

“உதுதானோ வூபர்?”

“ஓமண்ணை. எட்டு இஞ்சி அகலம். பழைய றேடியோகிராம் ஒண்டுக்குள்ளை கிடந்தது. நல்ல சாமான்.”

“ஓரத்திலை கிழிஞ்சு கிடக்கு.”

“எலி கடிச்சது. ஒட்டலாம். சும்மா கொண்டு போங்கோ.”

சும்மா என்றதும் முத்துக்குமாருவுக்கு அந்தச் சாமானில் இருந்த கொஞ்ச மதிப்பும் போய்விட்டது.

“சோத்துக் கோப்பை அளவுகூட இல்லையே தம்பி. என்ரை மனிசிக்கு உது காணுமோ?”

அருளப்பு கையில் இருந்த ஈயக்கோலைக் கரி அடுப்பில் சூடாக்க வைத்தான். சண்டையால் கரண்ட் நின்று நாலாவது வருசம். திருத்த வந்த ரீவிகள் திருத்தியும் திருத்தாமலும் அவன் கடையில் அடுக்கிக் கிடந்தன. அவற்றுக்கு மேலே தாய்க்காரி வெங்காயம் காயப் போட்டிருந்தாள். செத்த ரீவிகளின் வயிற்றில் இருந்துதான் அவன் மற்றவர்களின் றேடியோக்களுக்கு உயிர் கொடுத்து வந்தான்.

“அண்ணை, ஸ்பீக்கர் பெட்டிக்கு மூண்டு வாய். கீச்சுச் சத்தத்துக்கு ஒரு குட்டி. அது என்னட்டை இருக்கு. நடுச் சத்தத்துக்கு நாலு இஞ்சி ஒண்டு. அதுவும் இருக்கு. அடிச் சத்தத்துக்குத்தான் வூபர். மூண்டுக்கும் பங்கு பிரிச்சு விடுறதுக்குக் கம்பி சுத்தின ஒரு கொயிலும் இரண்டு கண்டென்சரும். அவ்வளவுதான் குறோஸோவர். வெளிநாட்டுச் சாமானுக்குள்ளை பத்துப் பன்னிரண்டு உறுப்பு வைச்சுப் பிரிப்பாங்கள். எங்களுக்கு எங்காலை?”

“நமசிவாயத்தாரிட்டைப் பன்னிரண்டு இஞ்சி ஒண்டு இருக்காமே?”

“படமாளிகை ஸ்பீக்கர். கட்டிலுக்குக் கீழை வைச்சிருக்கிறார். அது வேறை வேலைக்கு அண்ணை.”

“அவளுக்குத் தடிச்ச சத்தம்தான் கேக்குமெண்டு டொக்டர் சொன்னவர். பெரிசு போட்டால் தடிச்ச சத்தம் கூட வரும்தானே?”

“வரும். சத்தம் வேறை, கதை வேறை. உங்களுக்கு வேண்டியது கதையெல்லோ?”

முத்துக்குமாரு மேசை ஓரத்தில் இருந்துகொண்டார். தோட்டம் கொத்திவிட்டு நேரே வந்திருந்தார். கால் விரலிடுக்கில் சிவத்த மண் காய்ந்து வெடித்திருந்தது.

“தம்பி, நான் கிணறு வெட்டுறவன். ஆழத்துக்குப் போகவேணுமெண்டால் மேலை வாயை அகலமாய்த் தொடங்கவேணும். ஒடுக்கமாய்த் தொடங்கினவன் பாதியிலை அலவாங்கு வீச இடமில்லாமல் மேலை ஏறி வருவான். நீ எட்டு இஞ்சியிலை தொடங்கி எங்கை போகப்போறாய்?”

“உது கிணறில்லை அண்ணை, வாய்க்கால். மண் வரம்பு கட்டித் தண்ணி பிரிக்கிற மாதிரி. மண் வரம்பு கசியும். கசியிற தண்ணியைப் பக்கத்துப் பாத்தி ஏந்தவேணும். ஏந்தாட்டில் நடுவிலை காயும்.”

முத்துக்குமாரு விளங்கினவர் மாதிரித் தலையாட்டினார். விளங்கவில்லை. எழும்பிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நமசிவாயத்தார் வீட்டுக்குப் போனார்.

*

பத்மாசினியின் காதைக் கெடுத்தது குண்டும் இல்லை, ஷெல்லும் இல்லை. கிணற்று வெடிதான். கல்லுக்குள் துளை அடித்து, மருந்து இறுக்கி, திரி பற்றவைத்து வெடி வைக்கிற காலத்தில் முத்துக்குமாரு கீழே நிற்பார், அவள் மேலே கயிற்றோடு நிற்பாள். திரி பற்றினதும் அவர் கயிற்றை இரண்டு தரம் இழுப்பார். அவளும் மற்றக் கூலியாளும் அவரை மேலே தூக்குவார்கள். அவர் ஓடுவார், கூலியாள் ஓடுவான். கயிறு திரும்ப விழுந்தால் வெடியோடு அறுந்துபோகும் என்று, அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைசியாக ஓடுகிறவள் அவள். கயிறு விலை கூடின சாமான். இப்படி எத்தனை கிணறு என்று இருவரும் எண்ணி வைக்கவில்லை.

காது ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் கிளி போனது. பிறகு சைக்கிள் மணி. பிறகு பெண்டுகளின் கதை. இப்போது அவளுக்குக் கேட்பது இடி, கோயில் பெரிய மணி, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மெசின். மெசின் ஒரு சுற்றுத் தவறினாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். புருசன் காதோடு வாய் வைத்து, குரலைக் கீழே இறக்கி, ஆறுதலாகச் சொன்னால் முக்கால்வாசி பிடிப்பாள். மிச்சத்தை உதட்டில் பார்ப்பாள். ஆசுப்பத்திரியில் காதுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். அதற்குப் போடுகிற சின்னப் பற்றறியைத் தாண்டிக்குளத்து ஆமிச் சாவடியில் மறித்துப்போட்டார்கள். கருவி சாமித்தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதோடு சமாளித்துக்கொண்டுதான் இருந்தார்கள், தைப்பொங்கல் கழிந்து அந்தக் கசட் வரும்வரைக்கும்.

ஒரே மகள் தவமலர் ரொறன்ரோவில் இருந்தாள். கடிதம் எழுத நேரமில்லாதவர்கள் கசட்டில் கதைத்து அனுப்புகிற காலம். கொழும்புக்குப் போய்வருகிறவர்கள் கொண்டுவருவார்கள். பக்கத்து வளவுத் தியாகராசா தபால் கந்தோர்ப் பென்சனியர், அவரிடம் கசட் போடுகிற றேடியோ ஒன்று இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து கரண்ட் எடுத்துத்தான் அதை ஓட்டினார்கள். சுற்றினது முத்துக்குமாரு. கை வேகமாகச் சுற்றும்போது மகள் சின்னப்பிள்ளை மாதிரிக் கதைத்தாள். கை சோர்ந்தபோது கிழவி மாதிரிக் கதைத்தாள். சங்கிலிச் சத்தத்துக்கு மேலாக அவர் பிடித்துக்கொண்ட விசயம் இதுதான்: சாவகச்சேரிப் பக்கத்துப் பொடியன் ஒருவர், பேர் ஞானசேகரம், அவளைக் கேட்கிறார். அவளுக்கும் விருப்பம். அம்மா ஓம் என்று சொல்லவேண்டும். மாசி முடிவதற்குள் மறுமொழி வராவிட்டால் அம்மாவுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு அவரை வேண்டாமென்று சொல்லிவிடுவாள்.

முத்துக்குமாரு இதை அப்படியே மனிசியின் காதில் சொன்னார்.  அவள் ஊரெல்லாம் கேட்கிற குரலில் சொன்னாள்:

“நான் நம்பேல்லை.”

“எதை நம்பேல்லை?”

“நீங்கள் சொல்லுறதை. முந்தின கசட்டிலை சுகமாய் இருக்கிறாளாம் எண்டு சொன்னனீங்கள். அவள் வேலையிடத்து மெசினுக்குள்ளை விரலைக் குடுத்துப்போட்டு ஆசுப்பத்திரியிலை கிடந்தவள். நல்லூர்த் திருவிழாவிலை ஆரோ ஒருத்தி வந்து சொல்லி நான் அறியிறன்.”

“நீ அழுவாயெண்டு...”

“நான் அழுறது என்ரை பாடு. இவள் மனம் ஒப்பித்தான் கேக்கிறாளோ, தனிய நிண்டு களைச்சுப்போய்க் கேக்கிறாளோ எண்டு அவளின்ரை குரலிலை எனக்குத் தெரியும். நான் பெத்தது. என்ரை காதாலை கேளாமல் ஓமெண்டு சொல்லமாட்டன்.”

றேடியோவை அவள் காதோடு வைத்துப் பார்த்தார்கள். நுளம்பு இரைகிற மாதிரி இருக்கு என்றாள். தியாகராசாவோ பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். கிளாலிக் கடலில் வள்ளம் ஓடுவது நேவியின் கண்ணில் படாமல், அமாவாசை இருட்டை அண்டித்தான். அவர் கையில் மறுமொழிக் கசட்டைக் கொடுக்காவிட்டால் அடுத்தது ஆர் போவார், எப்போது போவார் என்று சொல்லமுடியாது.

இதைக் கேட்ட அருளப்புதான், காரில் இருந்து கழற்றின கசட் செற் ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், ரைக்டர் பற்றறியில் அது ஓடுமென்றும், ஒழுங்கான பெட்டி ஒன்று செய்தால் அக்காவுக்குக் கேட்கப் பண்ணலாம் என்றும் சொன்னவன். எல்லாரும் இரண்டு பெட்டிதானே வைப்பார்கள் என்று முத்துக்குமாரு கேட்டதற்கு, “அக்காவுக்கு ஒரு காதுதானே கொஞ்சம் கேக்குது. ஒண்டு காணும்” என்றான்.

*

நமசிவாயத்தார் முன்னொரு காலம் படமாளிகையில் படம் ஓட்டினவர். மாளிகை இடிந்தபோது மற்றவர்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போக, அவர் திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு வந்தார். சாக்கை அவிழ்த்துக் காட்டினார். சுளகு மாதிரி விரிந்து கிடந்தது. பின்பக்கக் காந்தம் ஒரு அம்மிக் குழவித் துண்டு அளவு. முத்துக்குமாரு தூக்கிப் பார்த்தார். நிறை கையில் இறங்கியது. இந்தப் பாசை அவருக்குத் தெரியும்.

“உது கத்தினால் செத்தவனும் எழும்பி இருப்பான்,” என்றார் நமசிவாயத்தார்.

“செத்தவன் வேண்டாம். அவள் கேட்டால் காணும்.”

“காசு தந்தாலும் உதை விக்கன். ஆனா எனக்கு இடுப்புப் பிடிப்பு. வெங்காயத் தறை கொத்தாமல் கிடக்கு. கொத்தித் தா, கொண்டு போ.”

கொத்தினார். மாரி மழை விட்டுப்போன மண், மேலே இளகியும் கீழே இறுகியும் இருந்தது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் ஒரு சாண் இறங்கி, கல்லில் பட்டு மணிக்கட்டில் வந்து அடிக்கும். வாடைக்காற்றில் வியர்வை உடனே காய்ந்து உடம்பு உப்புக்கட்டியது. வானத்தில் ஆரோ ஏற்றிவிட்ட பட்டத்தில் கட்டின விண் நார் பகல் முழுக்கக் கூவிக்கொண்டிருந்தது. மத்தியானம் பத்மாசினி குரக்கன் புட்டும் முருங்கைக்காய்க் கறியும் கொண்டுவந்தாள். வரம்பில் இருந்து அவர் சாப்பிட, அவள் மண்வெட்டியை எடுத்து விட்ட இடத்தில் இருந்து கொத்தினாள்.

நமசிவாயத்தார் வேலியோரம் வந்து நின்று சத்தம் போட்டுச் சொன்னார்: “பத்மாசினி, உன்ரை மனுசன் உனக்குத் தோடு வாங்கித் தந்ததில்லை. பார், காதுக்கு என்ன வாங்கித் தாறான் எண்டு.”

அவள் அவர் வாயைப் பார்த்துவிட்டு, “தோடு எண்டால் அடைவு வைக்கலாம். உதை ஆர் எடுப்பான்?” என்றாள். நமசிவாயத்தார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கொத்தி முடிந்த பின்னேரம் ஸ்பீக்கரைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டி, உருட்டிக்கொண்டுதான் வந்தார். ஏறி ஓடினால் முன்சில்லு தூக்கியது.

பெட்டிக்கு ஒட்டுப்பலகை கிடையாது. தேயிலைப் பெட்டி இரண்டை உடைத்து அருளப்பு அவர் வீட்டு முற்றத்திலேயே சேர்த்து அடித்தான். கொயிலுக்குக் கம்பி வேண்டும் என்றான். கிணற்றடியில் கரண்ட் மோட்டர் ஒன்று நாலு வருசமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. முத்துக்குமாரு அதைப் பார்த்தார், மனிசியைப் பார்த்தார்.

“கரண்ட் வந்தால்?” என்றாள் அவள்.

“வந்தால் பாப்பம்.”

“கழட்டுங்கோ,” என்றாள். 

மோட்டரின் செப்புக் கம்பியை அறுந்துபோகாமல் உருவி எடுத்து, நூல் கட்டையில் அருளப்பு சுற்றினான். பன்னிரண்டு இஞ்சிக்கு வட்டம் வெட்டினபோது முன்பலகையில் பாதி போய்விட்டது. “சொல்லுறதைச் சொல்லிப்போட்டன்,” என்று வாயில் ஆணியை வைத்துக்கொண்டு முணுமுணுத்தான். முத்துக்குமாரு கேளாதவர் மாதிரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் கேளாதவர் மாதிரி நிற்பது அவருக்கும் பழகிப்போயிருந்தது.

முதலில் ஒரு மேளக் கசட் போட்டார்கள். தவில் விழுந்த விழுக்காட்டில் கூரையில் இருந்து கிடுகுத் தூசி கொட்டியது. பத்மாசினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அவள் கை தொடையில் தாளம் போட்டது. முத்துக்குமாரு அருளப்புவைப் பார்த்த பார்வையில், பாத்தியா, என்று எழுதியிருந்தது.

பிறகு மகளின் கசட்.

அவள் முன்னுக்கு வந்து குந்தி இருந்து பெட்டியில் கையை ஊன்றிக் காதை வைத்தாள். உள்ளே ஏதோ உருண்டது. குடத்துக்குள் வாயை வைத்து ஆரோ முனகுகிற மாதிரி. மேலே குட்டி வாயில் இருந்து ஸ், ஸ் என்று உமி பறந்தது. முத்துக்குமாருவின் நல்ல காதுக்கே, மகள் ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி இருந்தது. அருளப்பு சத்தத்தைக் கூட்டினான். கூரை இன்னும் கொஞ்சம் கொட்டியது.

பத்மாசினி கையை எடுத்தாள்.

“தவில் கேட்டுது. இவள் எங்கை?”

அருளப்பு வயரைத் தொட்டுப் பார்த்தான்.

“கிணத்துக்கு வெடி வைச்ச மாதிரி நெஞ்சு குலுங்குது. கதையைக் காணேல்லை. நிப்பாட்டுங்கோ, பற்றறியைச் சாக்காட்டாமல்.”

அவள் எழும்பி அடுப்படிக்குப் போனாள். அருளப்பு வயர்களைக் கழற்றிச் சுருட்டினான். நான் சொன்னேன்தானே என்று அவன் சொல்லியிருந்தால் முத்துக்குமாருவுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவன் சொல்லவில்லை.

*

அடுத்த நாள் அவர்களின் குத்தகைத் தறைக்குத் தண்ணீர் முறை. அடுத்த தோட்டத்துக்காரனின் மெசின் படபடத்து ஓட, முத்துக்குமாரு கிணற்றடியில் நின்றார். பத்மாசினி மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி வாய் திறந்து, நிறைந்ததும் வாய் அடைத்து, தண்ணீர் மாறிக்கொண்டு போனாள். வெங்காயத் தாள் ஒரு சாண் எழும்பி நின்றது.

“இஞ்சேருங்கோ!”

கூப்பிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். அவர் போனார். அவள் மண்வெட்டிக் காம்பால் காட்டினாள்.

“கடைசி வரிசையை நீங்கள்தானே கட்டினது? பாருங்கோ. மேல் வாய்க்கால் தண்ணி இதுமட்டும்தான் இறங்குது. கீழ்ப் பாத்தியைப் பள்ளமாய்க் கொத்திப்போட்டியள். அங்கை தண்ணி தேங்கி நிக்குது, ஏறி வருகுதில்லை. இந்தத் துண்டு இரண்டுக்கும் இல்லை.”

இரண்டு பாத்திகளுக்கும் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மண் வெளிறிக் கிடந்தது. தாள் நுனி மஞ்சளடித்திருந்தது. கீழே பள்ளத்தில் தண்ணீர் தளதளவென்று நின்றது, வெங்காயம் அழுகிற அளவுக்கு.

முத்துக்குமாரு அந்த வெளிறின துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்ன பாக்கிறியள்? பள்ளத்தை நிரவிக் கீழ்ப் பாத்தியை உயத்துங்கோ. உயத்தினால் தண்ணி இதுக்கு எட்டும்.”

“ஆழமாய்க் கொத்தினால் நல்லதெண்டு நினைச்சன்,” என்றார் அவர்.

“என்ன?”

“ஒண்டுமில்லை.”

பள்ளத்தை நிரவிவிட்டு, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, கால் மண்ணோடேயே சுன்னாகத்துக்குச் சைக்கிளை விட்டார். அருளப்பு ஒரு றேடியோவின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தம்பி, அந்தச் சோத்துக் கோப்பை இன்னும் கிடக்கோ?”

“எலி மிச்சத்தைத் தின்னேல்லை எண்டால் கிடக்கும்.”

“அந்தப் பெரிசு மேலை ஏறி வராது. நாலு இஞ்சி கீழை இறங்காது. நடுவிலை ஒரு துண்டு காயுது. அவளின்ரை கதை அந்தத் துண்டுக்குள்ளைதான் கிடக்கு. அப்பிடித்தானே?”

அருளப்பு இப்போதுதான் நிமிர்ந்தான். “நான் வாய்க்காலெண்டு சொல்லேக்கை தலையாட்டினியள்.”

“ஆட்டினன்தான். மண்வெட்டி கையிலை இருந்தால்தான் எனக்கு விளங்கும்.”

“சின்னனாய் இருந்தாலும் இது மேலை ஏறி நடுவுக்குக் கை குடுக்கும் அண்ணை. ஒற்றைக் கொயிலோடை நாங்கள் பிரிக்கிற பிரிப்புக்கு அதுதான் வேணும். கூரைத் தூசி கொட்டாது. அவ்வளவுதான் நட்டம்.”

எலி கடித்த ஓரத்துக்குப் பட்டம் ஒட்டுகிற மெல்லிய தாளைக் கிழித்து வைத்து, முருங்கைப் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்துப் பூசி ஒட்டினார்கள். தடிப்பாகப் பூசினால் கூம்பு விறைத்துப்போகும் என்று அருளப்பு சொன்னதால், முத்துக்குமாரு தன் காய்ப்புப் பிடித்த விரலை விட்டுவிட்டு, கோழி இறகால் தடவினார். முன்பலகையில் வெட்டின பெரிய ஓட்டைதான் வில்லங்கம். உடைந்த கதிரையின் இருக்கைப் பலகையில் எட்டு இஞ்சிக்கு ஓட்டை போட்டு, பெரிய ஓட்டைக்கு மேல் வைத்து ஆணி அடித்தார்கள். பார்க்க, கிழிந்த சாரத்துக்கு வேறு நிறத்தில் ஒட்டுப் போட்ட மாதிரித்தான் இருந்தது. பன்னிரண்டு இஞ்சியைச் சாக்கில் சுற்றி நமசிவாயத்தாரிடம் திருப்பிக் கொண்டுபோனபோது, “கொத்தின தறையைத் திருப்பி மூடிவிடுவியோ?” என்று கேட்டார். “அது உங்களுக்குச் சும்மா,” என்றுவிட்டு வந்தார்.

*

தியாகராசா அடுத்த நாள் காலமை கிளாலிக்கு வெளிக்கிட இருந்தார். பின்னேரம் தன் றேடியோவையும் வெறும் கசட் ஒன்றையும் கொண்டு வந்து வாங்குப் பலகையில் இருந்தார். மறுமொழி பதிவுசெய்தால் கையோடு கொண்டுபோவார். இல்லாவிட்டால் வெறுங்கையோடு போவார். அதை அவர் வாயால் சொல்லவில்லை. அடிக்கடி வானத்தைப் பார்த்தார்.

அருளப்பு வயரைப் பற்றறியில் கொழுவினான். பத்மாசினி தலைமுடியை நல்ல காதுப் பக்கம் ஒதுக்கிச் செருகிக்கொண்டு, பெட்டியின் இரண்டு பக்கமும் கை வைத்து, முன்னுக்கு இருந்தாள். இந்தமுறை மேளம் போடவில்லை.

“அம்மா, நான் மலர் கதைக்கிறன்...”

முத்துக்குமாரு பெட்டிக்குக் கிட்ட நகர்ந்தார். மதில் இல்லை. மகள் பெட்டிக்குள் இருந்து கதைத்தாள். பெரிய சத்தம் இல்லை, கூரை அசையவில்லை. அவர் மனிசியின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். உதடு மகளின் சொற்களுக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி அசைந்தது.

“தடிமன் பிடிச்சிருக்கு இவளுக்கு,” என்றாள் சத்தமாக. பிறகு, “சிரிக்கிறாள்.”  எல்லாச் சொல்லும் அவளுக்குப் பிடிபடவில்லை என்று தெரிந்தது. இடைக்கிடை நெற்றி சுருங்கியது. ஆனால் அவள் கையை எடுக்கவில்லை.

மகள் ஞானசேகரத்தின் பேரைச் சொன்ன இடத்துக்குக் கிட்ட, கதை கொஞ்சம் தடைப்பட்டது. முதல் தரம் கேட்டபோதும் அந்த இடத்தில் தடைப்பட்டதுதான். பெடல் சுற்றின கை வழுக்கினதாக்கும் என்று முத்துக்குமாரு நினைத்திருந்தார்.

பத்மாசினி கண்ணைத் திறந்தாள்.

“ஆரது?”

“எது?”

“ஒரு ஆம்பிளை கதைக்கிறான்.”

அவர் அவள் காதோடு குனிந்தார். “ஆம்பிளை ஒருத்தரும் இல்லை. அவள்தான் கதைக்கிறாள்.”

“எனக்குச் செவிடு எண்டு நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை. திருப்பிப் போடுங்கோ.”

அருளப்பு பின்னோட்டிப் போட்டான். எல்லாரும் பெட்டிப் பக்கம் குனிந்து கேட்டார்கள். மகளின் கதைக்குப் பின்னால், தூரத்தில், நெஞ்சுக்குள்ளால் வருகிற தடித்த குரல் ஒன்று. “மலர், தேத்தண்ணி ஆறுது.” மகள் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்து கதைத்தாள். கொஞ்சத்தால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிறகும் மகளின் கதைதான்.

தியாகராசா தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பி, சைக்கிளுக்குக் காற்று இருக்குதோ என்று பார்க்க முற்றத்துக்குப் போனார். அருளப்பு பெட்டியின் ஆணியைத் தடவிப் பார்த்தான். முத்துக்குமாருவுக்கு முகம் கறுத்தது. பெடல் சுற்றிக் கேட்ட நாள் தொடங்கி இவ்வளவு நாளும், ஊர், குலம், வேலை என்று அந்தப் பொடியனைப் பற்றி அவர் விசாரித்த விசாரிப்பு என்ன.

“உவன் இப்பவே வீட்டுக்குள்ளை நிக்கிறான்,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் காதுக்குக் கிட்ட, குரலைக் கீழே இறக்கிச் சொன்னதால் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

“ஓம். நிக்கிறான்தான். இன்னொருக்காப் போடு தம்பி.”

மூன்றாம் தரமும் கேட்டாள். ‘டொக்’ என்ற இடத்தில் அவள் உள்ளங்கை பெட்டியில் அழுந்தியது.

“அது என்ன சத்தம் எண்டு தெரியுதோ உங்களுக்கு?”

“என்னவாம்?”

“கோப்பை. கூப்பிட்டுப் பாத்தான், இவள் எழும்பேல்லை. கதைச்சுக் கொண்டு இருக்கிறாள். திருப்பிக் கூப்பிடேல்லை. கொண்டுவந்து பக்கத்திலை வைச்சிட்டுப் போறான்.” பெட்டியில் இருந்து காதை எடுத்து அவரைப் பார்த்தாள். “மேசையிலை மெல்லமாய்த்தான் வைக்கிறான்.”

முத்துக்குமாரு தானும் பெட்டியில் கை வைத்துப் பார்த்தார்.

“கலியாண எழுத்து முடியாமல் ஒரு வீட்டிலை இருக்கிறது பிழைதான். அதை அவளோடை நான் கதைக்கிறன். தியாகராசா அண்ணையைக் கூப்பிடுங்கோ, இருட்ட முந்தி முடிப்பம்.”

தியாகராசா றேடியோவில் வெறும் கசட்டைப் போட்டார். முத்துக்குமாரு கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றத் தொடங்க, அருளப்பு தடுத்து, பற்றறியில் கொழுவிவிட்டான். சங்கிலிச் சத்தம் இல்லாமல் பதியட்டும் என்றான். பத்மாசினி றேடியோவுக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தாள்.

“மலர், அம்மா கதைக்கிறன்.”

மெல்ல, மெல்ல என்று தியாகராசா கையால் காட்டினார். அவள் அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தாள்.

“நீ சொன்னதை என்ரை காதாலை கேட்டன். கொப்பர் இடையிலை ஒண்டும் சொல்லேல்லை. தடிமனுக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடி. எனக்கு ஓம். மனம் ஒப்பித்தான் ஓம். ஆனா எழுத்தைக் கெதியா முடியுங்கோ. ஏனெண்டு உனக்குத் தெரியும், நான் கசட்டிலை சொல்லத் தேவையில்லை.” றேடியோவுக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள். “அடுத்த கசட்டிலை அந்தப் பிள்ளையையும் பக்கத்திலை இருத்திக் கதைக்கச் சொல்லு. தூரத்திலை நிண்டு கதைக்கத் தேவையில்லை. அவரின்ரை குரல் எனக்கு நல்லாய்க் கேக்குது. உன்ரை குரலிலும் பாக்க.”

தியாகராசா கசட்டை எடுத்துப் பொலித்தீன் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி, மடிக்குள் வைத்துக்கொண்டு போனார். கடல் தண்ணீர் படாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்றார். அருளப்பு பற்றறியைக் கழற்றிச் சைக்கிளில் கட்டினான். பெட்டி இங்கேயே இருக்கட்டும், அடுத்த கசட்டுக்கு வருகிறேன் என்றான்.

அவர்கள் போன பிறகும் பத்மாசினி பெட்டிக்குப் பக்கத்திலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். முத்துக்குமாரு முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுப்படிக்குப் போனார். அங்கே எது எங்கே இருக்கிறதென்று அவருக்குச் சரியாகத் தெரியாது. பேணிகளைத் திறந்து மூடினார், ஒன்று கீழே விழுந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. தேயிலையைக் கண்டுபிடித்து, ஊற்றி, ஆற்றி, கோப்பையைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்தார். மெல்லமாகத்தான் வைத்தார்.

பலகையில் சாய்ந்திருந்த முதுகு நிமிர்ந்தது. அவள் திரும்பிக் கோப்பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பவும் கோப்பையைப் பார்த்தாள்.

“பனங்கட்டி எங்கை?”

அவர் திரும்பி அடுப்படிக்குப் போனார்.